ஒரகடம் பள்ளத்தில் ஆண் பாசி தேடி

நவம்பர் மழையில் ஒரகடத்துக்குப் போகிறவர்கள் இரண்டு வகைதான். ஷிப்டுக்குப் போகிறவர்கள், ஷிப்டு முடித்துத் தூங்கப் போகிறவர்கள். நான் மூன்றாவது வகை, பாசி எடுக்கப் போனேன். சுற்றிப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால், லாரி இருக்கிறது, கம்பெனி பஸ் இருக்கிறது, கண்ணுக்கு எட்டியவரை காம்பவுண்டுச் சுவர் இருக்கிறது. கோயில், அருவி என்று ஆசையோடு வந்தவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

திருச்சியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டது காலை எட்டரைக்கு. கையில் ஒரு ஒயர் கூடை. அதற்குள் துண்டில் சுற்றிய மைக்ராஸ்கோப், வாயகன்ற பாட்டில்கள், வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்று, ஒரு கட்டுப் பழைய செய்தித்தாள். எதிர் சீட்டுக்காரர் அரியலூர் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பழைய பேப்பர் வியாபாரமா?" என்றார். "ஆமாங்க, நல்ல லாபம்" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். செங்கல்பட்டில் இறங்கி, ஐந்து ரூபாய் டிக்கெட் எடுத்து மின்சார ரயிலில் ஏறி, சிங்கப்பெருமாள் கோவிலில் கால் வைத்தபோது மதியம் இரண்டு மணி. தூறிக்கொண்டிருந்தது.

இந்த வயதில், இந்த மழையில் எதற்கு இந்த வேலை என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். அதே துறையில் என்னோடு வேலைக்குச் சேர்ந்து, என்னோடு ஓய்வு பெற்றவள் ஃபிலோமினா. இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திருச்சி புத்தூரில் ஒரே வாடகை வீட்டில் காலத்தை ஓட்டினோம். பாசிதான் எங்கள் இருவருக்கும் பைத்தியம். ஒரு தடவை காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது ஒரகடம் தாண்டி வாலாஜாபாத் ரோட்டில் பஸ் டயர் வெடித்தது. எல்லோரும் டிரைவரைத் திட்டிக்கொண்டிருக்க, இவள் மட்டும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ரோட்டோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டாள். பட்டுச் சேலை முழங்கால் வரை நனைய, கையில் ஒரு கொத்துப் பாசியோடு மேலே வந்து, "ஏய், இதுல ஆம்பளையே இல்லடி" என்றாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஒரு நாள் அந்தப் பள்ளத்துக்குப் போய் வந்தோம். இந்தப் பாசியைப் படிக்கிறவர்கள் மழை ஓய்ந்து வெயில் ஏறிய பிறகுதான் போவது வழக்கம். பெண் உறுப்பில் விளையும் வித்தைக் கனி என்போம், அது முற்றிக் கறுத்தால்தான் அதன் ஓட்டில் சுற்றி வரும் வரிகள் தெளிவாகத் தெரியும், அந்த வரிகளை வைத்துத்தான் இனம் பிரிக்க வேண்டும். கனி இல்லாத காலத்தில் போய் நின்றால் சக ஆட்களே சிரிப்பார்கள். நாங்கள் போன வருடமெல்லாம் பெண் செடி, பெண் செடி, பெண் செடிதான். ஆண் வேறு செடி, பெண் வேறு செடி என்று இருக்கிற, தண்டில் மேல்தோல் மூடாத, கனியில் இத்தனை வரியுள்ள கேராவை, இந்தப் பாசி வகைக்கு அதுதான் பெயர், இந்தப் பக்கத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. இது புது இனம் என்று எனக்கு அடித்துச் சொல்லத் தோன்றியது. உன் பெயரை வைக்கிறேன் என்றேன் அவளிடம். "செத்த பிறகு வையி. இப்ப வச்சா நம்ம டிபார்ட்மெண்டே கேலி பண்ணும்" என்றாள். போன வருடம் காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை.

அவள் பென்ஷன் நின்றது. கேஸ் இணைப்பு என் பெயருக்கு மாறியது. வாசல் பலகையில் எங்கள் இரண்டு பேர் பெயரும் இருந்தது, வீட்டுக்காரர் வெள்ளையடிக்கிற சாக்கில் அவள் பெயரின் மேல் பெயிண்ட் அடித்துவிட்டார். பிள்ளை குட்டி கிடையாது. இந்தப் பாசியை விட்டால் அவள் பெயர் ஒட்டிக்கொள்ள உலகத்தில் வேறு இடமே இல்லை என்று நினைத்தேன். 'கேரா ஃபிலோமினே' என்று பெயர் போட்டுக் கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். எல்லாம் சரி, ஆண் செடியைக் காட்டினால்தான் பெயரை ஏற்போம் என்று பதில் வந்தது. அதில் தப்பும் இல்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

அந்த நேரம் பார்த்து வரதனிடமிருந்து போன். பள்ளத்தை ஒட்டி ஒரு ஏக்கர் நெல் வைத்திருப்பவர், வருடா வருடம் எங்களுக்கு மோர் கொடுக்கிறவர். "பள்ளத்த மூடப் போறாங்கம்மா. குடோன் வருது. இந்த வாரமே லாரி மண்ணு அடிக்கும். ஒரு வார்த்த சொல்லிடலாம்னு அடிச்சேன்" என்றார். வேறெங்கே போய் ஆண் செடியைத் தேடுவேன்? இருந்தால் அந்தப் பள்ளத்தில், அதுவும் இந்த வாரத்துக்குள். அதனால்தான் கனி இல்லாத மழைக்காலத்தில், சிரிக்கக்கூட ஆளில்லாமல், இந்த ஒயர் கூடை.

ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோக்கள் வரிசை கட்டி நின்றன. ஒரகடம் கூட்டுரோடு பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம், தலைக்கு முப்பது ரூபாய்.

"இன்னாமா, எந்த கேட்டு? கம்பெனி பேரச் சொல்லு" என்றார் டிரைவர்.

"கம்பெனி இல்லப்பா. கூட்டுரோட்டுல ஒரு ஹாஸ்டல். நாளைக்கு வாலாஜாபாத் ரோட்டுல ஒரு பள்ளத்துக்குப் போகணும்."

"இந்த மழைல எல்லா ரோடும் பள்ளமாத்தான்மா கீது, நீ தேடிக்கினு வேற போவணுமா? ஏறிக் குந்து. கூடைய மடில வச்சிக்க, இன்னும் ரெண்டு ஆளு ஏத்தணும்."

ஏற்றினார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பையன்கள், எல்லோர் காதிலும் ஒயர். முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் போனோம், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. ரோடு ஆறு வழி, நடுவில் அரளிச் செடி, இரண்டு பக்கமும் சுவர், சுவருக்கு மேல் முள்கம்பி. புதுக் கார்களை அடுக்கிய நீள நீள லாரிகள் ஓரத்தில் நனைந்துகொண்டு நின்றன. ஒவ்வொரு கேட்டிலும் இரண்டு பேர் இறங்கி, அட்டையைச் சட்டைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். கடைசியில் ஆட்டோவில் நான் மட்டும் இருந்தேன்.

ஹாஸ்டல் வரதன் சொல்லி வைத்த இடம். மாத வாடகைக்குத்தான் விடுவார்களாம், எனக்காக நாள் ஒன்றுக்கு முந்நூற்றைம்பது, சாப்பாட்டோடு. அறையில் ஆறு கட்டில். ஆறு கட்டிலுக்குப் பன்னிரண்டு பெண்கள். பகல் ஷிப்டுக்காரி எழுந்து போனால் இரவு ஷிப்டுக்காரி வந்து அதே கட்டிலில் படுப்பாள். எனக்குக் கிடைத்தது தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வராத ஒருத்தியின் இடம். பக்கத்துக் கட்டில் மாரிச்செல்வியுடையது. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது. போனுக்குள் வைக்கும் குட்டி கேமராக்களை வெளிச்சத்தில் பார்த்து நல்லது கெட்டது பிரிப்பது அவள் வேலை. சாயங்காலம் ஷிப்டு முடித்து வந்ததும் என் கூடையையும், செய்தித்தாள் மடிப்பில் இருந்த காய்ந்த செடியையும்தான் பார்த்தாள்.

"எங்கிட்டு இருந்து வாரீய டீச்சர்? இது என்னது, பாசியா? எங்க ஊருக் கெணத்துல வழுக்குமே, அதா?"

நான் டீச்சர் என்று சொல்லவேயில்லை, மூக்குக் கண்ணாடியைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். அந்தக் காய்ந்த செடியை எடுத்துக் காட்டினேன். இது வழுக்காது என்றேன். தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பை இழுத்து மேலே பூசிக்கொள்ளும், கசக்கினால் நறநறவென்று நொறுங்கும், கெட்டுப்போன பூண்டு வாடை அடிக்கும். பார்க்கச் செடி மாதிரி கணு இருக்கும், கணுவுக்குக் கணு வட்டமாகக் குச்சிக் கிளைகள் இருக்கும், ஆனால் வேர் கிடையாது, பூ கிடையாது, சாறு ஓடும் குழாய் கிடையாது. இரண்டு கணுவுக்கு நடுவில் இருக்கும் விரல் நீளத் துண்டு முழுக்க ஒரே ஒரு செல். அவள் வாயைப் பிளந்தாள். பெண் உறுப்பு பச்சையாக முறுக்குச் சுற்றிய கூடு மாதிரி, தலையில் ஒரு குட்டிக் கிரீடம். அந்தக் கிரீடத்தில் ஐந்து செல் இருந்தால் கேரா, இரண்டு அடுக்காகப் பத்து இருந்தால் அது இதன் பங்காளி நைட்டெல்லா. ஆண் உறுப்பு சிவப்பு உருண்டை, கடுகை விடச் சின்னது. சில இனத்தில் இரண்டும் ஒரே செடியில் இருக்கும், சில இனத்தில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. என்னிடம் இருப்பது பெண் மட்டும்.

"அப்ப நீங்க மாப்பிள பாக்க வந்திருக்கிய" என்றாள்.

சிரித்துவிட்டேன். ஃபிலோமினா போன பிறகு வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவளைப் பற்றியும், பெயர் வைக்கப் போவதைப் பற்றியும் மாரியிடம் சொன்னேன். "கெடைக்கும் டீச்சர், நான் எங்க மாரியாத்தாளுக்கு நேர்ந்துக்கிடுதேன்" என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறி நாலாவது கிலோமீட்டரில் இறங்கினேன். வரதன் குடையோடு ரோட்டில் நின்றிருந்தார்.

"வாங்கம்மா. இன்னாமா இது, கொட்ற மழைல வந்துகினு. கூட வர்ற இன்னொரு அம்மா வர்லியா?"

அவருக்குத் தெரியாது. போனில் நான் சொல்லவில்லை. இப்போது சொன்னேன். குடையை மடக்கிவிட்டு மழையில் நின்றார் மனிதர். "அந்தம்மாதான எப்பவும் தண்ணில எறங்கும். நீங்க மேல நின்னு சத்தம் போட்டுக்கினு இருப்பீங்க" என்றார். உண்மைதான். நான் தண்ணீரில் இறங்கிப் பழக்கமில்லாதவள். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் பள்ளத்தை நோக்கி நடந்தேன்.

பள்ளம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது மண் வெட்டிய இடம், இரண்டு பஸ்ஸை நிறுத்தலாம். ஆனால் தண்ணீர் பளிங்கு. அடியில் சுண்ணாம்புக் கட்டி கலந்த வெள்ளைக் களிமண். கேராவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கூப்பிடு தூரத்தில் பெரிய ஏரி இருக்கிறது, அதில் ஒரு துண்டு கிடையாது. ஏரி முழுக்க ஆகாயத்தாமரை, சாக்கடை, குளிர்பானப் பாட்டில். இந்தப் பாசிக்குப் புதிதாக வெட்டிய, யாரும் குடி வராத தண்ணீர்தான் பிடிக்கும். அல்லியும் மீனும் உரத் தண்ணீரும் வந்து கலக்கினால் சத்தமில்லாமல் ஒதுங்கிவிடும். அதன் வித்து மட்டும் சேற்றுக்குள் வருடக்கணக்கில் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். எதிர்க்கரையில் மஞ்சள் மண் மலையாகக் கொட்டிக் கிடந்தது, அதன் மேல் ஒரு பொக்லைன் தலை கவிழ்ந்து நின்றது.

"இன்னைக்கு மழ, வேல நடக்காது. நாளைக்கி காலைல மூடிடுவாங்க" என்றார் வரதன்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். ஐயோ, என்ன குளிர். ஒரு கால் சேற்றில் புதைந்து, கையை ஊன்றி, ரவிக்கை வரை நனைந்து, ஒரு கொத்தைப் பிடுங்கித் தட்டில் போட்டேன். விரற்கடை உயரத்துக்கு இளம் செடிகள். லென்ஸைக் கண்ணில் வைத்தேன். சிவப்பு. கணுவுக்குக் கணு சிவப்பு உருண்டை. பச்சைக் கூடு ஒன்றுகூட இல்லை. இன்னொன்றை எடுத்தேன், அதிலும் சிவப்பு. "ஆம்பளடி! ஆம்பள இருக்குடி!" என்று கத்திவிட்டேன். ரோட்டில் பைக்கில் போன ஒருவன் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனான். வரதன் மேலே நின்று, என்ன ஏது என்று தெரியாமலே கையைத் தட்டினார். அந்தச் சில நிமிடம் எனக்கு அவள் பக்கத்தில் நிற்கிற மாதிரியே இருந்தது. அழுதேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது.

மழை வலுத்ததும் வரதனின் மோட்டார் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்து, நிதானமாகப் பிரிக்க ஆரம்பித்தேன். ஆழத்திலிருந்து பிடுங்கிய சில செடிகள் கொஞ்சம் வயதானவை, முழங்கை நீளம் இருந்தன. அதில் ஒன்றைத் தட்டில் நீட்டி, உச்சியிலிருந்து கீழே கணுக் கணுவாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். உச்சியில் சிவப்பு உருண்டை மட்டும். அதற்கு இரண்டு கணு கீழே சிவப்பு உருண்டை, அதன் தலைக்கு மேலேயே பச்சையாக ஒரு சின்ன முறுக்குக் கூடு, ஐந்து செல் கிரீடத்தோடு. இன்னும் கீழே கூடு பெருத்திருந்தது, சிவப்பு வெளுத்துச் சுருங்கியிருந்தது. அடிக் கணுவில் பச்சைக் கூடு மட்டும், அதன் கீழே ஒரு தழும்பு.

அந்தத் தழும்பை நான் பல வருடமாகப் பார்த்திருக்கிறேன். ஃபிலோமினாவும் பார்த்திருக்கிறாள். ஏதோ உதிர்ந்த சிறு முள்ளின் அடி என்று இரண்டு பேரும் முடிவு கட்டியிருந்தோம். அது ஆண் உருண்டை உதிர்ந்த இடம். ஆண் பெண் இரண்டும் ஒரே செடியில், ஒரே கணுவில்தான் இருக்கின்றன. ஆண் முந்திக்கொண்டு மழைக்காலத்திலேயே முற்றி உதிர்ந்துவிடுகிறது, பெண் நிதானமாகப் பிப்ரவரிக்குக் கனிகிறது. முற்றிய கனிதான் வேண்டும் என்று பிப்ரவரியில் மட்டும் வந்து நின்ற எங்களுக்குப் பெண் மட்டும் தெரிந்ததில் ஆச்சரியம் என்ன? தண்டில் மேல்தோல் இல்லாத, இரண்டும் ஒரே கணுவில் இருக்கிற கேரா என்றால் அது நாற்றங்காலில்கூடக் கிடக்கும் பழைய இனம். கனியில் வரிகள் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். வெகுகாலம் முன்பே யாரோ ஒரு வெளிநாட்டுத் துரை பெயரை அதற்கு வைத்தாயிற்று. புது இனமும் இல்லை, புதுப் பெயரும் இல்லை.

"இன்னாமா, கெடச்சிதுன்னீங்க, இப்ப முகம் இப்பிடி பூட்ச்சி?" என்றார் வரதன். தலைவலி என்றேன். அவர் டீ வாங்க ரோட்டுக்குப் போன நேரத்தில் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். இளம் செடிகளில் சிவப்பு மட்டும் இருந்ததையெல்லாம் இடுக்கியால் பொறுக்கி ஒரு பாட்டிலில் தனியாகப் போட்டேன். ஏன் போடுகிறேன் என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. நீண்ட செடிகளை இன்னொரு பாட்டிலில் போட்டு, இரண்டையும் மூடிக் கூடையில் வைத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குத் திரும்பினேன்.

சாயங்காலம் மாரி ஓடி வந்தாள். "மாப்பிள கெடச்சாரா டீச்சர்?" மைக்ராஸ்கோப்பை ஜன்னல் ஓரமாக வைத்துப் பார்க்கச் சொன்னேன். அந்த ஒற்றைச் செல்லுக்குள் பச்சையம் ஒரு பக்கம் மேலேறி மறு பக்கம் கீழிறங்கி ஓடிக்கொண்டே இருக்கும், உயிரோடு இருக்கும்வரை நிற்காது. "ஏயப்பா, ஓடுது டீச்சர்! எங்க கம்பெனி லைன் பெல்ட்டு மாதிரி!" என்றாள். பிறகு நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்முன் அழுகை வந்துவிட்டது. அவள் பாட்டில்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுல செவப்பு மட்டுந்தான இருக்கு? இத ஆம்பளச் செடின்னு குடுங்க. பழசு ஒங்ககிட்ட இருக்கே, அது பொம்பளச் செடி. ரெண்டும் இருக்கத கொட்டிருங்க. அம்புட்டுத்தான."

"அது பொய்ம்மா."

"ஆடிட் பண்ண ஆளுக வந்தா எங்க லைன்ல அப்படித்தான் பண்ணுதோம். நல்ல பீஸா பொறுக்கி முன்னால வச்சிருவோம், அவங்களும் பாத்துட்டு டிக் அடிச்சிட்டுப் போயிருதாங்க. நாளைக்குப் பள்ளத்தையே மூடிருதாங்கள்லா? யாரு வந்து தோண்டிப் பாக்கப் போறா?"

"அவ பேரை ஒரு பொய்யில வைக்கச் சொல்றியா?" என்று கத்தினேன். அறையில் தூங்கிக்கொண்டிருந்த இரவு ஷிப்டுப் பெண்கள் இரண்டு பேர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். மாரியின் முகம் சுருங்கிப்போனது.

"இல்ல டீச்சர். நீங்க அழுதிய. அதான் சொன்னேன்" என்றாள்.

அவள் மேல் என்ன தப்பு? அவள் சொல்லும்முன்பே நான் பொறுக்கி வைத்துவிட்டேனே. அந்தக் கோபம் முழுக்க என் மேல் வந்தது, பாவம் அவள் மேல் விழுந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு மெஸ்ஸில் எனக்கும் சேர்த்துத் தட்டு எடுத்து வைத்தாள். மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று பார்த்தால், ஐந்து மணிக் கம்பெனி பஸ்ஸில் அவள் போய்விட்டாள். அவள் கட்டிலில் வேறொருத்தி போர்வையை இழுத்து மூடிப் படுத்திருந்தாள். போன் நம்பர்கூட வாங்கி வைக்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்தேன்.

மழை விட்டிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளத்தில் பாதியைக் காணோம். லாரி பின்னால் வந்து நின்று பெட்டியைத் தூக்கும், மண் சரியும், பொக்லைன் தள்ளும், அடுத்த லாரி வரும். மிச்சம் இருந்த தண்ணீர் காப்பி நிறமாகிவிட்டது. நான் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். சிவப்பு உருண்டைகள் அழகாகத் தெரிந்தன. இதை வைத்து எழுதினால் அடுத்த வருடம் அவள் பெயர் அச்சில் வரும். உலகத்தில் எந்தப் பிள்ளையாவது என்றைக்காவது பாசிகளின் பட்டியலைப் புரட்டினால் ஃபிலோமினா என்று ஒருத்தி இருந்தாள் என்று தெரியும். பொய் என்று நிரூபிக்கப் பள்ளமே இருக்காது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. லாரிக்காரன், "ஒத்திக்கோமா, மண்ணு சரியும்" என்று சத்தம் போட்டபோதுதான் அசைந்தேன்.

அவள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசிக்க வேண்டிய தேவையே இல்லை. கல்லூரியில் ஒரு பெண் வெங்காயத் தோலை வரைந்துவிட்டு வேறு பெயர் எழுதியதற்காக ஒரு மாதம் அந்தப் பெண்ணை மறுபடி மறுபடி வரைய வைத்தவள் ஃபிலோமினா. மூடியைத் திறந்து சிவப்புச் செடிகளை அந்தக் கலங்கிய தண்ணீரில் கொட்டினேன்.

"ஐயய்ய, கொட்டிட்டீங்களே! இதுக்குத்தானம்மா அம்மாந்தூரம் வந்தீங்க?" என்று வரதன் பதறினார்.

"இல்லங்க. அது வேணாம்."

முழு நீளச் செடிகளை மட்டும், உச்சியிலிருந்து அடி வரை ஒரு கணு விடாமல், செய்தித்தாளில் விரித்து மடித்துக் கட்டினேன். அதில் பழைய பெயரைத்தான் எழுத வேண்டும், எழுதினேன். ஆண் உறுப்பு இத்தனை சீக்கிரம் உதிர்வதைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதலாம், யாருக்காவது உதவும். அதில் யார் பெயரையும் வைக்க இடம் கிடையாது. வரதன் பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார். "இனிமே வர மாட்டீங்க இல்ல?" என்றார். பள்ளமே இல்லாத ஊருக்கு எதற்கு வரப்போகிறேன், ஆனாலும் "வரேங்க" என்றேன். அவரும் தலையாட்டினார்.

சிங்கப்பெருமாள் கோவில் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து போனில் ஆய்விதழ் ஆசிரியருக்கு எழுதினேன். செடி இருபாலுடையது, ஏற்கனவே பெயருள்ள இனம், என் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். நாலே வரிதான். அனுப்புவதற்கு முன் கட்டுரையின் தலைப்பை ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன், அவள் பெயர் அதில் சாய்வெழுத்தில் இருந்தது. அனுப்பினேன். எனக்கு அப்போது வந்தது துக்கம் மட்டும் இல்லை. அவள் செத்த நாளிலிருந்து அவளுக்காக ஏதாவது ஒரு வேலை என் கையில் இருந்துகொண்டே இருந்தது. ஆஸ்பத்திரிக் கணக்கு, கல்லறைக் கல், புத்தகங்களைக் கல்லூரிக்குக் கொடுப்பது, கடைசியாக இந்தக் கட்டுரை. அந்த வேலைகளைச் செய்யும்வரை நாங்கள் இரண்டு பேராகத்தான் இருந்தோம். இனி அவளுக்காகச் செய்ய என்னிடம் ஒரு வேலையும் இல்லை.

செங்கல்பட்டில் மாறி ஏறிய ரயிலில் கூட்டம். பெண்கள் பெட்டியில் எப்படியோ ஜன்னல் ஓரம் கிடைத்தது. மேல்மருவத்தூரில் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள், இடம் தேடிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். பக்கத்து இடத்தில் என் கை அகலமாக ஊன்றியிருந்தது, நானே அப்போதுதான் கவனித்தேன்.

"இங்க ஆள் வராங்களாம்மா?" என்று கேட்டாள்.

கையை எடுத்துக்கொண்டேன்.

"இல்லம்மா. யாரும் வரல. நீ உட்காரு."